பட்டனுக்குக் கட்டிய சேலை

நான் எழுதும் புத்தகங்களை யாரும் ஆசைப்பட்டு வாசிப்பதில்லை. ஏதாவது கோளாறு வந்தால்தான் திறக்கிறார்கள். திறந்ததும் எரிச்சலோடு தேடுகிறார்கள். கிடைத்தால் மூடிவிடுகிறார்கள், கிடைக்காவிட்டால் எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் திட்டுகிறார்கள். குருபோங் தொழிற்பேட்டையில், ஒரு டயர் கிடங்குக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு இதுதான் வேலை. கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு அப்பாயின்மென்ட் பதிவு செய்யும் சிஸ்டம் ஒன்றை நாங்கள் செய்து விற்கிறோம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதுவது நான். கணினித் திரையின் மூலையில் 'உதவி' என்று ஒன்று இருக்குமே, அதைத் தட்டினால் வந்து நிற்பது என் எழுத்துதான்.

யாரும் வாசிக்காவிட்டாலும் அதில் எனக்குக் கர்வம் உண்டு. காரணம், படங்கள். திரையை அப்படியே படமெடுத்து, எந்த பட்டனை அழுத்த வேண்டுமோ அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் வைப்பேன். 'கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்' என்று எழுதினால் என் வேலை முடிந்தது. வளவளவென்று விளக்கிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. கண்ணால் பார்த்தால் புரிந்துவிடப் போகிறது, அப்புறம் எதற்கு இத்தனை வார்த்தை என்று நினைப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் நான் இதற்கு நேர் எதிர். என் நாத்தனாருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. என் கணவருடைய தங்கை. என்னைவிட இரண்டொரு வயது சின்னவள்; வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. எங்களோடுதான் இருக்கிறாள். தெங்கேராவில் ஒரு பெரிய பல் கிளினிக்கில் டெலிபோன் ஆப்பரேட்டர். இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு: கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, எங்கே போனாலும் அவள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நடப்பதை எல்லாம் காதோரம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பு அந்தப் பொறுப்பு என் மாமியாரிடம் இருந்தது. அவர் "பொண்ணு நல்லா இருக்கா, மாப்பிள்ளையும் நல்லா இருக்காரு" என்று முடித்துவிடுவாராம். நான் வந்த பிறகு அந்தப் பதவி என்னிடம் வந்தது. இன்றுவரை யாரும் பறிக்க முயலவில்லை.

போன வருஷம் சுங்கை ரம்பாயில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் நடுவரிசையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "பொண்ணுக்கு மாம்பழ மஞ்சள்ல சேலை, பார்டர் மயில் கழுத்து கலர். மேக்கப் போட்டவங்களுக்குக் கை நிக்கல போல. மாப்பிள்ளையோட மாமா கோட்டு போட்டுட்டு வந்திருக்காரு. நடு பட்டன் இப்பவோ அப்பவோன்னு நிக்குது. அவரு மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டே எல்லாருக்கும் வணக்கம் சொல்றாரு." கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அந்த பட்டன் தெறித்து அய்யர் பக்கம் போய் விழுந்தது. நான் அதையும் சொல்லிவிட்டேன். தாலி கட்டும்போது மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தவள் அவள். திட்டு வாங்கியது நான்.

இப்படி இருக்கையில் ஒருநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து கைப்பையை சோபாவில் வைத்தாள். வைத்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"அண்ணி, எங்க கிளினிக்ல உங்க கம்பெனி சிஸ்டத்த வாங்கிட்டாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் போய் விற்றது, எப்போது பொருத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"இனிமே ஆப்பரேட்டர்னு தனியா ஆள் கிடையாதாம். போன் எடுக்கிற ஆளே கம்ப்யூட்டர்ல அப்பாயின்மென்ட்டும் போடணுமாம். மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னாங்க. மாசக் கடைசில ஒரு நாள் காலைல நான் தனியா உக்காந்து செஞ்சு காட்டணும். பக்கத்துல யாரும் உக்காரக் கூடாது. செஞ்சுட்டா சீட்டு எனக்கு."

"செய்யாட்டி?"

"உள்ளுக்குள்ள ஏதாவது வேலை குடுப்பாங்களாம்." அந்த 'ஏதாவது' என்ற சொல்லை அவள் கடித்து மென்று துப்பினாள். "ஏதாவது வேலைன்னா என்னா தெரியுமா அண்ணி? ஒரு நாற்காலி. காலைல உக்கார வெச்சு, சாயங்காலம் எழுப்பி அனுப்புவாங்க. அந்தம்மா நல்லவங்க லா, அதான் வம்பு. கெட்டவங்களா இருந்தா சண்டை போடலாம்."

படிப்பு முடிந்து வேலை தேடிய காலத்தில் அவள் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அந்த போன் பக்கத்து நாற்காலிக்கு அவள் எவ்வளவு பாடுபட்டு வந்தாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "கவலைய விடு. கையேட்டை எழுதினவளே உன் வீட்டுல இருக்கேன்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளிடம் திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள் ஒன்று பல காலமாக இருக்கிறது. அது வாசிக்கும் வேகம் எனக்குக் கடலை வறுக்கிற சத்தம் மாதிரித்தான் கேட்கும். அவளுக்கு அதுதான் சாதாரணப் பேச்சு. மவுஸைத் தொடவே மாட்டாள், எல்லாம் விசைப்பலகைதான். எனக்காக வேகத்தைக் குறைத்து வைத்து, என் கையேட்டைத் திறந்தாள். தலைப்பு தலைப்பாகத் தாவிச் செல்ல ஒரு விசை உண்டாம். அதைத் தட்டினாள். தலைப்புகள் எதுவும் இல்லை என்றது கணினி.

"இல்லாம என்ன? பக்கத்துக்குப் பக்கம் நீலக் கலர்ல, கொட்டை எழுத்துல போட்டிருக்கேன்" என்றேன்.

"உங்க கண்ணுக்குக் கொட்டை எழுத்து. இதுக்குத் தெரியலையே."

எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பாகிவிடாது, இது தலைப்பு என்று கணினிக்குத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்படியானால் அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒன்று விடாமல் கேட்டால்தான் தேடியது கிடைக்கும். சரி, இணைப்புகளையாவது வரிசையாக வாசிக்கட்டும் என்று இன்னொரு விசையைத் தட்டினாள். நான் எல்லா இடத்திலும் 'இங்கே தட்டவும்' என்று எழுதி, 'இங்கே' என்ற சொல்லில் இணைப்பு வைக்கிற ஆள். "ஹியர், லிங்க். ஹியர், லிங்க். ஹியர், லிங்க்" என்று அது ஓதிக்கொண்டே போனது.

"எங்க, அண்ணி?" என்றாள் அவள், மிகப் பணிவாக.

அடுத்து படங்கள் வந்தன. நான் பார்த்துப் பார்த்து வட்டம் போட்ட படங்கள் எல்லாம் "இமேஜ் பதினாலு, இமேஜ் பதினஞ்சு" என்று கடந்து போயின. 'கீழே உள்ள படத்தில் காட்டியபடி செய்யவும். இமேஜ் பதினாறு. இப்போது உங்கள் அப்பாயின்மென்ட் பதிவாகிவிட்டது. வாழ்த்துகள்.' அந்த 'வாழ்த்துகள்' வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கு எப்போதுமே மூக்கின் மேல் கோபம். மடிக்கணினியைப் படாரென்று மூடினேன். வேலைக்காகத்தான் உட்கார்ந்தோம், கேலி செய்வதற்கு அல்ல என்றேன். கேலி செய்யாமல் என்ன செய்வது, அழவா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சமையலறையில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு சண்டை போடுங்க லா. கருவாடு ஆறிடும்."

மறுநாள் முதலாளியிடம் போய், பார்வையற்றவர்களும் வாசிக்கிற மாதிரி கையேட்டைத் திருத்த வேண்டும் என்றேன். தாராளமாகச் செய், ஆனால் மற்ற வேலை தள்ளிப்போகக் கூடாது என்றார். அது போதும் எனக்கு. முதலில் தலைப்புகளைச் சரிசெய்தேன். 'இங்கே'களை எல்லாம் ஒழித்துக்கட்டி, 'புதிய நோயாளியைப் பதிவு செய்வது', 'தேதியை மாற்றுவது' என்று இணைப்புகளுக்கு ஒழுங்கான பெயர் வைத்தேன். பிறகு படங்களுக்கு வந்தேன். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதன் விவரத்தை மறைவாக எழுதிவைக்க வசதி உண்டு. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, வாசிக்கும் மென்பொருள் மட்டும் அதைச் சத்தமாகச் சொல்லும். என்னை ஏற்கனவே அறிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருக்காது. என் நாத்தனாருக்கு வர்ணனை சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லையே. உற்சாகத்தில் தலைகால் புரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து எழுதித் தள்ளினேன்.

அடுத்த ஞாயிறு பரீட்சை வைத்தோம். கூடத்தில் இருந்து என் கணவர் கைப்பேசியில் கூப்பிடுவார், அவர்தான் பல்வலிக்காரர். இவள் மேசையில் உட்கார்ந்து, போனை எடுத்து, கையேட்டைக் கேட்டு அப்பாயின்மென்ட் போட வேண்டும். அவர் கூப்பிட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஐயோ மிஸ்ஸி, கடவாய்ப் பல்லு" என்று முனகினார். இவள் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு விசையைத் தட்டினாள். தலைப்பு வந்தது. எனக்குப் பூரிப்பு. பிறகு முதல் படம் வந்தது.

"இந்தப் படத்தில் மனத்துக்கு இதமான ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அதன் நிறம் வெளிர்நீலம், மழை விட்ட பிறகு தெரியும் வானத்தைப் போல. இடது பக்கத்தில் ஐந்து பெட்டிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. வலது ஓரத்தில், மூலைகள் வளைந்த, இளம்பச்சை நிறமுள்ள, சற்றே குண்டான ஒரு பட்டன்..."

"மிஸ்ஸி, வீங்குது" என்றார் கூடத்தில் இருந்தவர்.

"இருங்க சார், குண்டு பட்டன் வந்துட்டு இருக்கு."

"...அதன் மேல் வெள்ளை எழுத்தில் 'சேமி' என்று அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பட்டனுக்குப் பின்னால் மெல்லிய நிழல் ஒன்றும் விழுகிறது."

"பல்லு கீழ விழுந்துடுச்சு மிஸ்ஸி. நானே தொடச்சுக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு ஆளு பல்வலியோட லைன்ல நிக்கிறாரு அண்ணி" என்றாள் அவள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "நீங்க பட்டனுக்குச் சேலை கட்டி, பூ வெச்சு, நிழல் வேற போட்டு விட்டிருக்கீங்க."

"கல்யாணத்துல மட்டும் ரசிச்சுக் கேட்டே?"

"கல்யாணத்துல எனக்கு என்னா வேலை? சும்மா உக்காந்திருக்கேன். அங்க எல்லாமே வேணும், மாமாவோட பட்டன்கூட. இது என் வேலை. இங்க அந்த பட்டன் என்னா கலருன்னு யாருக்கு வேணும்? எந்த விசையத் தட்டணும், தட்டினா என்னா கேக்கும், அது போதும்."

அவள் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு மனசு வலித்தது. இத்தனை நாள் அவளுக்காக உலகத்தையே சொல்லிக்கொண்டு வந்தவள் நான் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது, அதில் அடி விழுந்தது. அன்று மாலை வரை அவளோடு பேசவில்லை. இரவுச் சந்தைக்குப் போன இடத்தில் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அப்பம் பாலிக் கடைல இன்னைக்கு யாரு நிக்கிறா, பெரியவரா சின்னவரா?" என்றாள். நான் என்ன செய்ய? சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தொப்பி, மீசை, அப்பத்தைத் திருப்புகிற வேகம், எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆனால் அவள் சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில் என் கணினித் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். மவுஸைப் பிடுங்கி இழுப்பறையில் வைத்தேன். அவள் வைத்திருக்கும் அதே மென்பொருளைப் போட்டுக்கொண்டு, எங்கள் சிஸ்டத்தில் எனக்கே ஒரு அப்பாயின்மென்ட் போட முயன்றேன். எந்த மூலையில் எது இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்தவள் நான். துண்டு போட்டதும் எந்த மூலையும் இல்லை. வலது ஓரம், மேலே, கீழே என்று நான் கையேடு முழுக்க எழுதியிருந்த எதற்கும் அங்கே பொருளே இல்லை. 'சேமி'யைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. விசையைத் தட்டத் தட்ட "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எந்த பட்டன் என்று சொல்லித் தொலைக்காத அந்தக் குரலைத் திட்டித் தீர்த்தேன்.

என் சத்தம் கேட்டு, அந்த சிஸ்டத்தை எழுதிய மலாய்க்கார சகா வந்து நின்றார். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாமே கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் "அலாமாக்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பட்டன்களுக்குப் படம் மட்டும் கொடுத்து, பெயர் கொடுக்க மறந்திருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார். அதோடு விடவில்லை, மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, இரண்டு விசை தட்ட வேண்டிய இடத்தில் ஒன்று போதும்படி மாற்றியிருக்கிறேன், உன் நாத்தனாரைக் கேட்டுப் பார் என்றார். அவருக்கும் எனக்குப் பிடித்த அதே பைத்தியம் பிடித்துவிட்டது.

அதன் பிறகுதான் உருப்படியாக எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியிலும் அந்தப் பக்கம் எதற்கு என்று ஒரே வாக்கியம். வேண்டாதவர் அங்கேயே தாவிப் போய்விடலாம். பிறகு படிகள். ஒரு படிக்கு ஒரு வேலைதான். இந்த விசையைத் தட்டவும், 'பெயர்' என்று கேட்கும், பெயரை எழுதவும், இதைத் தட்டவும், 'பதிவாகிவிட்டது' என்று கேட்கும். படங்களை எடுத்துவிடவில்லை, பார்க்கிறவர்களுக்கு அவை வேண்டும். ஆனால் படத்தில் மட்டும் இருந்து எழுத்தில் இல்லாத விஷயம் ஒன்றுகூட இல்லை என்று ஆக்கினேன். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் புதிய பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் பால் கலக்காத தே ஓ குடித்துக்கொண்டே கேட்டு, "இது வெட்டு, அது வெட்டு" என்பாள். 'தயவுசெய்து' எல்லாம் போனது. 'எளிதாக' போனது. எளிதா இல்லையா என்று செய்கிறவள் சொல்லிக்கொள்வாள் என்றாள். 'வாழ்த்துகள்' போனபோது எனக்குக் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

எங்கள் நிறுவனச் சின்னத்தின் படத்துக்கு மட்டும் என் பழைய வர்ணனை ஒன்றை விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அந்தச் சின்னம் ஒரு வட்டமும் ஒரு வளைந்த கோடும்தான். நான் அதை 'மதியம் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு அசந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வயிறு' என்று எழுதியிருந்தேன். அவள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எங்கள் முதலாளி பார்ப்பதற்கு முன் அழித்துவிடச் சொன்னாள். அழித்துவிட்டேன்.

என் கணவருக்குத்தான் பாவம், தினமும் பல்வலி. ஒருநாள் பல் பிடுங்க வேண்டும், ஒருநாள் தேதியை மாற்ற வேண்டும், ஒருநாள் மாமியாரை அனுப்புகிறேன், அவருக்குப் பல் செட் கட்ட வேண்டும். எவ்வளவு கோணலாகக் கேட்டாலும் இவள் அசரவில்லை. மென்பொருளின் வேகத்தைக் கடலை வறுக்கும் பழைய வேகத்துக்கே ஏற்றிவிட்டாள். அது பொரிந்து தள்ளும், இவள் விரல்கள் தட்டிக்கொண்டே போகும், "வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க சார், பிரேக்ஃபாஸ்ட் சாப்பிட்டுட்டே வரலாம்" என்பாள் ஒரே மூச்சில். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமை தாங்காது. காட்டிக்கொள்ளாமல் போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

அந்த நாள் வந்தது. காலையில் என் கணவர் அவளைத் தெங்கேராவில் இறக்கிவிட்டு எனக்குப் போன் செய்தார். "போன் பண்ணி அவளத் தொந்தரவு பண்ணாத. அவளா கூப்பிடுவா" என்றார். இறங்கும்போது அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டேன். வழியெல்லாம் வாயை மூடவில்லை, ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டு வந்தாள், துளி பயம் இல்லை என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குத்தான் வேலை ஓடவில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பத்து மணி ஆனது. கிளினிக் கூட்டம் கூடுகிற நேரம். பதினொன்று ஆனது. மலாய்க்கார சகா என் மேசையைக் கடந்து போகும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கிக் கேட்டார், நான் தலையை ஆட்டினேன். சாப்பாட்டு நேரமும் வந்தது, கைப்பேசி வாயைத் திறக்கவில்லை. நல்ல செய்தியாக இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பாளே என்று நினைத்தேன். அந்த நாற்காலி, 'ஏதாவது வேலை'யின் நாற்காலி, கண்முன் வந்து நின்றது. சாப்பிடப் போகவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில், வாடிக்கையாளர்களின் போனை எடுக்கும் பெண் அடுத்த மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, தெங்கேரா டென்டல். உங்க கையேட்டுல தப்பு இருக்காம். அப்பாயின்மென்ட் பொறுப்பாளர் லைன்ல இருக்காங்க."

எங்கள் உதவி எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் கூப்பிட முடியாது. ஒவ்வொரு கிளினிக்கும் சிஸ்டத்துக்குப் பொறுப்பானவர் என்று ஒருவரைப் பதிவு செய்யும், அவர் கூப்பிட்டால்தான் எடுப்போம். அப்படியானால் பொறுப்பாளரைப் போட்டுவிட்டார்கள். யாரைப் போட்டார்கள்? போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்றது ஓர் ஆங்கிலக் குரல், இஸ்திரி போட்ட மாதிரி. "உங்கள் கையேட்டைப் பற்றி ஒரு புகார் சொல்ல வேண்டும்."

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

"யாரு பேசுறது?" என்றேன். வேண்டுமென்றே கேட்டேன். அவள் வாயால் கேட்க வேண்டும்.

"அப்பாயின்மென்ட் டெஸ்க்" என்றாள் தமிழில். "சீட்டு இன்னைக்குத்தான் குடுத்தாங்க. சொந்தப் போன்ல கூப்பிட்டா மரியாதை இல்ல, கம்பெனி லைன்லயே வரலாம்னுதான் இவ்ளோ நேரம் க்யூல நின்னேன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சகாவைப் பார்த்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கினேன். அவர் அங்கேயே நின்று இரண்டு கையையும் உயர்த்திக் குதித்தார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? புகார எழுதிக்கோங்க."

"சொல்லுங்க மேடம்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"முதல் போனே ஒரு அம்மா. புள்ளைக்குப் பல்லுல கம்பி போடுற நாள மாத்தணுமாம். போன் நம்பரத் தட்டுனேன். வீடு மொத்தமும் அப்பா நம்பர்லயே பதிஞ்சிருக்கு போல. யாருன்னு கேட்டு ஒரு பெட்டி திறந்துச்சு. திறந்துச்சுன்னு டொக்குன்னு சத்தம் மட்டும் வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே கேக்கல அண்ணி." 'மேடம்' போய், 'அண்ணி' திரும்பி வந்துவிட்டது. "சுத்தமா ஒண்ணும் இல்ல. மேனேஜர் பின்னால நிக்கிறாங்க, அவங்க தேய்க்கிற மின்யாக் அங்கின் தைல வாசம் வருது. அந்த அம்மா ஹலோ ஹலோங்கிறாங்க. உங்க கையேட்டத் திறந்தேன். தலைப்பத் தாவித் தாவி 'போன் நம்பரில் தேடுவது'க்குப் போயிட்டேன், அது சட்டுனு கிடைச்சுது. ஆனா இந்தப் பெட்டியப் பத்தி ஒரு வரி இல்ல."

உண்மைதான். எங்கள் வீட்டுப் பல்வலிக்காரர் ஒரே ஆள். ஒரு குடும்பமே ஒரே நம்பரில் வரும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

"என்ன பண்ணே?"

"கீழ் அம்புக்குறியத் தட்டிப் பார்ப்போம்னு தட்டுனேன். அப்பா பேரு வந்துச்சு. இன்னொரு தட்டு, அம்மா. அப்புறம் புள்ள. நாள மாத்திட்டேன். மேனேஜர் என் தோளத் தட்டிட்டு ரூமுக்குப் போயிட்டாங்க. சாப்பாட்டு நேரம் வரைக்கும் திரும்பியே வரல, அப்புறம்தான் கூப்பிட்டு சீட்டு உனக்குத்தான்னு சொல்லி என் பேரப் பதிஞ்சாங்க." குரலில் சிரிப்பு பொங்கியது. உடனே அடக்கிக்கொண்டு இஸ்திரிக் குரலுக்குத் திரும்பினாள். "அந்த இடத்துல இத எழுதிச் சேருங்க, நான் சொல்ற மாதிரியே. 'பெட்டி திறந்ததும் முதலில் ஒன்றும் கேட்காது. பயப்பட வேண்டாம். கீழ் அம்புக்குறியைத் தட்டினால் பெயர்கள் வரும்.'"

நான் எழுதிக்கொண்டே வந்து, நடுவில் நிறுத்தினேன்.

"'பயப்பட வேண்டாம்' எதுக்கு? கையேட்டுல அப்படியெல்லாம் எழுத மாட்டோம். நீதானே அந்த மாதிரி எல்லாத்தையும் வெட்டச் சொன்னே."

மறுமுனையில் ஒரு குழந்தை அழுதது.

"அது இருக்கட்டும் அண்ணி" என்றாள், மெதுவாக. "அந்த இடத்துல அது வேணும்."

"ரொம்ப பயந்துட்டியா?"

"இன்னொரு லைன் அடிக்குது மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன வரிசையிலேயே மூன்று வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்தேன். பிறகு திரையில் துண்டைப் போட்டுவிட்டு, அந்த இரண்டாவது வாக்கியம் எப்படிக் கேட்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.